கிரகங்கள் எதிரெதிரே நின்றால் ஊர் கொந்தளிக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருமங்கலத்தில் அப்பா உட்கார்ந்து ஜாதகம் பார்த்த அதே திண்ணையில் நானும் இருபத்தெட்டு வருஷமாகப் பார்த்து வருகிறேன். பொருத்தம் பார்க்க, வீட்டுக்கு நிலை வைக்க நாள் குறிக்க, பையனுக்கு வேலை எப்போது கிடைக்கும் என்று கேட்க வருகிறவர்கள்தான் அதிகம். 2025 மார்ச் கடைசியில் சூரியன், சந்திரன், புதன், சுக்கிரன், சனி, ராகு என்று ஆறு பேர் மீனத்தில் கூடினார்கள். அந்த மாதம் முழுக்க வந்தவர்கள் கேட்டது வேறு: "நாட்டுக்கு என்னங்கய்யா ஆகும்?" கள்ளிக்குடிப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மா, வளர்த்த பதினோரு ஆட்டையும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடலாமா என்று கேட்டார். ஏதோ ஒரு வீடியோவில் பெரிய கலவரம் வரும் என்று சொல்லியிருந்தார்களாம். அந்த அம்மாவுக்குச் சொன்னதையும், அதன் பிறகு பலரும் கேட்டதற்குச் சொன்னதையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

கிரகங்கள் எதிரெதிரே நிற்பது என்றால் என்ன?

பூமியிலிருந்து பார்க்கும்போது இரண்டு கிரகங்கள் ராசி மண்டலத்தில் 180 பாகை தள்ளி நிற்பது. ஒன்று கிழக்கே உதிக்கும்போது மற்றது மேற்கே மறைந்துகொண்டிருக்கும். ஜோதிடத்தில் இதைச் சமசப்தமம் என்கிறோம். ஒன்றிலிருந்து எண்ணினால் மற்றது ஏழாம் இடத்தில் இருக்கும், அதனால் ஏழாம் பார்வை. எல்லாக் கிரகத்துக்கும் ஏழாம் பார்வை உண்டு.

ராகுவும் கேதுவும் எப்போதுமே எதிரெதிரேதான் நிற்கிறார்கள். எதிர்நிலை என்றாலே கொந்தளிப்பு என்று எடுத்துக்கொண்டால் உலகத்தில் அமைதியான நாளே இருந்திருக்கக் கூடாது.

வானியல்காரர்கள் சொல்லும் எதிர்நிலையும் இதுவும் ஒன்றா?

பாதிதான் ஒன்று. அவர்கள் ஒரு கிரகம் சூரியனுக்கு நேர் எதிரே வருவதை மட்டும் அப்படிச் சொல்வார்கள். அந்தச் சமயத்தில் கிரகம் நமக்கு ஏறக்குறைய மிக அருகில் இருக்கும், ராத்திரி முழுக்கத் தெரியும், வக்ர கதியிலும் இருக்கும், அதாவது பின்னோக்கிப் போவது போலத் தெரியும். செவ்வாய் இப்படி வருவது சுமார் 780 நாளுக்கு ஒருமுறை.

நமக்கு நன்றாகத் தெரிந்த எதிர்நிலை ஒன்று மாதாமாதம் வருகிறது. பௌர்ணமி என்பது சூரியனும் சந்திரனும் எதிரெதிரே நிற்பதுதான். சித்திரையில் சூரியன் மேஷத்தில் உச்சமாக இருக்க, எதிரே துலாத்தை ஒட்டிச் சித்திரை நட்சத்திரத்தருகே சந்திரன் நிறைகிறது. அன்றைக்குத்தான் அழகர் வைகையில் இறங்குகிறார். லட்சக்கணக்கான ஜனம் விடிய விடிய ஆற்றில் நிற்கிறது. எதிர்நிலை என்ற சொல்லைக் கேட்டதும் மதுரைக்காரர்கள் முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான் என்பது என் எண்ணம்.

யுரேனஸ், புளூட்டோ எல்லாம் நம் கட்டத்தில் உண்டா?

இல்லை. நமக்கு நவக்கிரகம்தான். யுரேனஸை வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்தது 1781-இல். நெப்டியூன் 1846, புளூட்டோ 1930. புளூட்டோவைக் கிரகப் பட்டியலிலிருந்தே 2006-இல் எடுத்துவிட்டார்கள். சமூகக் கொந்தளிப்புக்கு இவற்றின் எதிர்நிலையைக் காரணம் சொல்வது மேல்நாட்டு ஜோதிடத்தின் வழக்கம். அங்கே சனி என்றால் பழைய ஒழுங்கு, அதிகாரம். யுரேனஸ் என்றால் திடீர் உடைப்பு. இரண்டும் சுமார் 45 வருஷத்துக்கு ஒருமுறை நேருக்கு நேர் நிற்கும்போது பழையதும் புதியதும் மோதும் என்பது அவர்கள் கணக்கு. இப்போது நம் ஊர் வீடியோக்களில் அதையும் இதையும் கலந்து பேசுகிறார்கள். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் ராசிச் சக்கரத்துக்கும் நம்முடையதற்கும் சுமார் 24 பாகை வித்தியாசம் இருந்தாலும், எதிர்நிலை யாருக்கும் மாறாது.

1965-இல் மொழிப்போர் வெடித்தபோது சனியும் யுரேனஸும் எதிரெதிரே நின்றது உண்மையா?

உண்மை. சனி கும்பத்தில், யுரேனஸும் புளூட்டோவும் சிம்மத்தில். 1965, 66 இரண்டு வருஷமும் அந்த நிலை நீடித்தது. ஜனவரி 25-ஆம் தேதி மதுரையில்தான் முதல் பெரிய மோதல் நடந்தது. ஊர்வலம் போன மாணவர்களுக்கும் காங்கிரஸ்காரர்களுக்கும் தகராறு ஆகி, அங்கிருந்து மாநிலம் முழுக்கத் தீ பரவியது. அடுத்த வருஷம் சீனாவில் பண்பாட்டுப் புரட்சி. 1967-இல் இங்கே ஆட்சியே மாறியது. இதையெல்லாம் அடுக்கிக் காட்டினால் யாருக்கும் மயிர்க்கூச்செறியும். எனக்கும் முதன்முதலில் அப்படித்தான் இருந்தது.

ஆனால் அந்தத் தேதியை யார் குறித்தது என்று பாருங்கள். அரசியல் சட்டத்தின் 343-ஆம் பிரிவு 15 வருஷ அவகாசம் கொடுத்தது. 1950 ஜனவரி 26-உடன் பதினைந்தைக் கூட்டினால் 1965 ஜனவரி 26. இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆகிற நாள் அது. 1963-இல் வந்த ஆட்சிமொழிச் சட்டம் ஆங்கிலம் "தொடரலாம்" என்று சொன்னதே தவிர "தொடரும்" என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லைத்தான் அண்ணா நாடாளுமன்றத்தில் பிடித்துக்கொண்டார். ஆக, டெல்லியில் சட்டம் எழுதியவர்கள் பதினைந்து வருஷத்துக்கு முன்பே நாள் குறித்துவிட்டார்கள். அந்த நாள் நெருங்க நெருங்க, வேலைக்குப் பரீட்சை எழுத வேண்டிய பையன்களுக்கு வயிறு எரிந்தது.

இன்னொன்று. சனியும் யுரேனஸும் சரியாக 180 பாகையில் கூடியது ஏப்ரலில். ஜனவரி 25 அன்று இன்னும் பத்துப் பாகை பாக்கி இருந்தது. ஏப்ரலுக்குள் போராட்டத்தின் உச்சம் முடிந்துவிட்டது.

பெருங்காமநல்லூரும் அப்படிப் பொருந்துகிறதே?

பொருந்துகிறது. 1918 முதல் 1920 வரை சனி சிம்மத்திலும் யுரேனஸ் கும்பத்திலும் நின்றார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டதில் மாயக்காள் உட்படப் பலர் செத்தார்கள்.

என் அம்மாவின் ஊர் அந்தப் பக்கம். அங்கே பெரியவர்கள் யாரும் சனியைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை. "ரேகைச் சட்டம்" என்று ஒரே வார்த்தைதான் சொல்வார்கள். ஒரு சாதியில் பிறந்த குற்றத்துக்காக ஆண்கள் எல்லோரும் கைரேகை பதிய வேண்டும், ராத்திரி காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும் என்று சொன்ன குற்றப் பரம்பரைச் சட்டம் அது. மாட்டோம் என்றார்கள், சுட்டார்கள். பிறகு அந்த மக்களுக்காக வாதாடிய மதுரை வக்கீல் ஜார்ஜ் ஜோசப்பை ரோசாப்பூ துரை என்று கொண்டாடி, பிள்ளைகளுக்கும் அந்தப் பெயரை வைத்தார்கள். துப்பாக்கியைத் தூக்கச் சொன்னது யார் என்று அவர்களுக்குத் தெரியும். அதை நான் கிரகத்தின் தலையில் எழுதினால், செத்தவர்களுக்குச் செய்யும் துரோகம்.

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டம்?

குருவும் யுரேனஸும் அப்போது எதிரெதிரே, இரண்டு பாகை வித்தியாசத்தில். குரு கன்னியில், யுரேனஸ் மீனத்தில். அலங்காநல்லூரில் வாடிவாசல் முன்னால் உட்கார்ந்தவர்களையும், தமுக்கத்தில் கூடிய கூட்டத்தையும், செல்லூர்ப் பாலத்தில் நின்றுபோன ரயிலையும் பார்த்தவர்களுக்கு அது வானத்திலிருந்து இறங்கியது போலத்தான் தோன்றும். தொடங்கிவைக்க வந்த முதலமைச்சரே திரும்பிப் போனார். ஆனால் ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்ட உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2014 மே 7. மூன்று தைப்பொங்கல் காளை அவிழ்க்காமல் போனது. மூன்றாவது தையில் பொறுமை போனது. கையில் செல்போன் இருந்தது, காலேஜ் பிள்ளைகள் இருந்தார்கள்.

இத்தனை பொருந்துகிறது என்றால் தற்செயல் என்று எப்படித் தள்ளுவது?

இந்தக் கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

மெதுவாக நகருகிறவர்கள் ஐந்து பேர்: குரு, சனி, யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ. இவர்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 10 ஜோடி. எதிர்நிலைக்கு முன்னால் 10 பாகை, பின்னால் 10 பாகை தள்ளுபடி கொடுப்பது வழக்கம். அப்படியானால் 360-இல் 20, அதாவது ஒவ்வொரு ஜோடியும் தன் காலத்தில் 18-இல் ஒரு பங்கு எதிர்நிலையில் இருக்கும். பத்து ஜோடியில் ஏதாவது ஒன்றாவது எதிர்நிலையில் இருக்கிற வாய்ப்பு 100-க்கு சுமார் 43. கிட்டத்தட்ட இரண்டு நாளில் ஒரு நாள். இதோடு நிற்பதில்லை. எதிர்நிலை கிடைக்காவிட்டால் சேர்க்கை, அதாவது இரண்டும் ஒரே இடத்தில் நிற்கிறது என்பார்கள், அதுவும் இல்லாவிட்டால் 90 பாகை கேந்திரம் என்பார்கள். மூன்றையும் சேர்த்துக்கொண்டால் வாய்ப்பு 100-க்கு 92. மெதுவான ஜோடிகளால் இது கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். ஆனாலும் எந்தக் கலவரத் தேதியைக் கொடுத்தாலும், பத்தில் ஒன்பது தடவை வானத்தில் ஏதோ ஒன்று மாட்டும்.

1942 ஆகஸ்ட் போராட்டத்துக்கு எதிர்நிலை இல்லை. உடனே சனி யுரேனஸ் சேர்க்கை என்பார்கள். 1947 பிரிவினைக்குச் சனி புளூட்டோ சேர்க்கை. நெருக்கடி நிலைக்குச் சனி யுரேனஸ் கேந்திரம். எல்லாக் கதவையும் திறந்து வைத்துவிட்டு, ஆள் வந்துவிட்டார் என்று ஆச்சரியப்படுவது போல இது.

எதிர்நிலை இல்லாமல் நடந்த பெரிய மாற்றம் ஏதாவது உண்டா?

1939 ஜூலை 8. வைத்தியநாதய்யர் தலைமையில் ஆலயப் பிரவேசம். தாழ்த்தப்பட்டவர்களும் நாடார் ஒருவரும் மீனாட்சியம்மன் சன்னிதிக்குள் போனார்கள். இந்தக் கோயில் கட்டிய நாளிலிருந்து மதுரையில் நடந்த பெரிய சமூக மாற்றம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அன்று சனிக்கு எதிரே யுரேனஸும் இல்லை, நெப்டியூனும் இல்லை, புளூட்டோவும் இல்லை.

1997 ஜூன் 30-உம் அப்படித்தான். மேலூர்ப் பக்கம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன் உட்பட ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். தலித்துகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவியில் ஒரு தலித் உட்கார்ந்தார் என்பதுதான் காரணம். அதற்கு எந்தக் கட்டத்தைப் பார்ப்பது?

தாது வருஷப் பஞ்சம் கிரகத்தால் வந்தது என்கிறார்களே?

எங்கள் ஊர்ப் பக்கம் ஒவ்வொரு குடும்பத்திலும் இந்தப் பஞ்சத்தின் கதை ஒன்று இருக்கிறது. மதுரையில் குஞ்சரத்தம்மாள் என்ற தாசி தன் சொத்தையெல்லாம் விற்றுக் கஞ்சி ஊற்றினாள் என்று இன்றும் சொல்கிறார்கள். 1876-இல் மழை பொய்த்தது. அந்த வருஷத்துக்குத் தாது என்று பெயர். சனி யுரேனஸ் எதிர்நிலையும் 1870-களின் நடுவில்தான் இருந்தது, மறைக்கவில்லை.

நம் அறுபது வருஷச் சக்கரம் குருவையும் சனியையும் வைத்து வந்தது. குரு ஐந்து சுற்று, சனி இரண்டு சுற்று. அதே தாது 1936-இல் திரும்ப வந்தது. 1996-இலும் வந்தது. அந்தப் பஞ்சம் திரும்ப வரவில்லை.

1876-க்கும் 1936-க்கும் நடுவே என்ன நடந்தது? 1895-இல் பென்னிகுவிக் கட்டிய பெரியாறு அணை திறந்தது. மேற்கே கடலுக்குப் போன தண்ணீர் மலையைக் குடைந்து வைகைக்கு வந்தது. மேலூர் வரைக்கும் நெல் விளைந்தது.

பஞ்சத்தின்போது வெள்ளைக்காரன் என்ன செய்தான் என்பதையும் சொல்ல வேண்டும். ஜனம் சாகும்போதும் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு ஒரு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். அதாவது 450 கிராம், கல் உடைக்கிற ஆளுக்கு. அதே 1877-இல் நார்மன் லாக்யர், வில்லியம் ஹண்டர் என்ற இரண்டு பேர், சூரியனில் புள்ளிகள் குறையும்போது சென்னை மாகாணத்தில் பஞ்சம் வருகிறது என்று எழுதினார்கள். அவர்கள் ஜோதிடர்கள் இல்லை, படித்த துரைமார். பழியைத் தூக்கி வானத்தில் போடுகிற ஆசை கட்டம் போடுகிறவனுக்கு மட்டும் உள்ளது என்று நினைக்காதீர்கள்.

ஆனாலும் அந்தப் பஞ்சத்திலிருந்து நல்ல காரியம் ஒன்றும் பிறந்தது. சூரியனுக்கும் மழைக்கும் உறவு உண்டா என்று ஒழுங்காகப் பார்த்துவிடலாம் என்ற யோசனையில்தான் கொடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம் வந்தது, 1899-இல். கொடைக்கானல் அப்போது மதுரை மாவட்டம். வானத்தைப் பார்த்துப் பயப்படுவதை விட்டு, தினமும் படம் எடுத்து அடுக்கி வைக்க ஆரம்பித்தார்கள். ஒருமுறையாவது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

1962 அஷ்டக்கிரகம் பற்றி?

அப்பா சொல்லிக் கேட்டது. பிப்ரவரி 3, 4, 5 தேதிகளில் மகரத்தில் எட்டுக் கிரகம் கூடியது, எதிரே கடகத்தில் ராகு. உலகம் அழியும் என்று நாடெங்கும் யாகம் நடந்தது. எங்கள் தெருவில் விதைநெல்லைக்கூடக் குத்திச் சமைத்துச் சாப்பிட்டார்களாம், எப்படியும் சாகப் போகிறோம் என்று. ஆறாம் தேதி வழக்கம்போல விடிந்தது. விதைநெல் இல்லாத வீடுகள் அந்த வருஷம் கடன் வாங்கி நடவு போட்டன. அவர்களுக்கு அந்தக் கஷ்டத்தைக் கொடுத்தது கிரகமா, பயத்தைக் கிளப்பியவர்களா என்று அப்பா கேட்பார். அக்டோபரில் சீனாக்காரன் வந்தபோது, "பார்த்தீங்களா, பலித்துவிட்டது" என்றும் சிலர் சொன்னார்களாம்.

எந்தப் பஞ்சாங்கப்படி எதிர்நிலையைப் பார்ப்பது?

நம்மிடம் திருக்கணிதம், வாக்கியம் என்று இரண்டு வகைப் பஞ்சாங்கம் உண்டு. சனி மீனத்துக்கு மாறியது திருக்கணிதப்படி 2025 மார்ச் 29. வாக்கியப்படி 2026 மார்ச் 6. திருநள்ளாற்றில் வாக்கியத்தைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். நடுவே பதினோரு மாதம். இதற்குள் எந்த ஊரில் என்ன நடந்தாலும், ஒரு பஞ்சாங்கம் விட்டதை இன்னொன்று பிடிக்கும். வானத்தில் சனி நிற்கும் இடத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டுமானால் திருக்கணிதம்தான் ஒத்துவரும்.

கிரகங்களின் ஈர்ப்பு மனிதர்களைத் தூண்டிவிடாதா? பௌர்ணமிக்குக் கடல் பொங்குகிறதே.

கடலைப் பொங்கவைப்பது சந்திரனும் சூரியனும். மற்றக் கிரகங்களில் கடலை அலையாக எழுப்பும் இழுப்பு அதிகம் உள்ளது சுக்கிரனுக்கு. அதன் அலை இழுப்பு சந்திரனுடையதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை. சனி, யுரேனஸ் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நம் முன்னோர்கள் கிரகத்தை நம்பினார்களே?

நம்பினார்கள். அதோடு நிற்கவில்லை. புறநானூற்றின் 117-ஆம் பாட்டில் கபிலர் பாரியின் நாட்டைச் சொல்கிறார். மைம்மீன் புகைந்தாலும், தூமம் தோன்றினாலும், வெள்ளி தெற்கே ஓடினாலும் அங்கே வயல் நிறையும், மழை பொய்க்காது என்கிறார். மைம்மீன் என்பது சனி, தூமம் என்பது வால்வெள்ளி. ஏன் பொய்க்காது? கோல் கோணாமல் இருந்தது, சான்றோர் பலர் இருந்தார்கள். அந்தப் பறம்பு மலைதான் சிங்கம்புணரிக்குப் பக்கத்தில் இருக்கிற பிரான்மலை. சனி கெட்டிருந்தாலும் நாடு கெடாது என்று இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் நம் பக்கத்து மலையில் நின்று ஒருவர் சொல்லியிருக்கிறார்.

சிலப்பதிகாரத்தில் மதுரை எரிந்த நாளுக்குக் கணக்கே உண்டு. ஆடி மாதம், தேய்பிறை அட்டமி, கார்த்திகை, வெள்ளிக்கிழமை. அன்று மதுரை எரியும் என்று முன்பே ஒரு சொல் இருந்ததாக மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்கிறது. அத்தனை வசதியான சாக்கு இருந்தும் பாண்டியன் நாள் சரியில்லை என்று சொல்லவில்லை. நானே கள்வன் என்று சொல்லி உயிரை விட்டான். இந்தக் கட்டத்தை எப்போது படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கோளறு பதிகம் பிறந்ததும் மதுரைப் பயணத்தை ஒட்டித்தான். கோள்கள் சரியில்லை, போக வேண்டாம் என்று அப்பர் தடுத்தார். ஒன்பதும் நல்லதே செய்யும் என்று பாடிவிட்டு ஞானசம்பந்தர் மதுரைக்குக் கிளம்பினார்.

பிறகு ஏன் நீங்கள் ஜோதிடம் பார்க்கிறீர்கள்?

நாள் பார்த்துக் காரியம் தொடங்குவது நம் வழக்கம். அதில் ஒரு நிதானம் இருக்கிறது. கஷ்டத்தில் வருகிறவர் ஒரு மணி நேரம் மனம் விட்டுப் பேசுகிறார். ஏழரை என்று தெரிந்தால் கடன் வாங்காமல் கொஞ்சம் பொறுக்கிறார். இதை நான் மதிக்கிறேன். ஊர்ப்பலன், நாட்டுப்பலன் சொல்வதை மட்டும் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பே நிறுத்திவிட்டேன். இன்ன மாதம் கலவரம் என்று ஒருவன் சொன்னால் கடைக்காரர் பருப்பைப் பதுக்குகிறார், பக்கத்துத் தெருக்காரனை ஜனம் சந்தேகமாகப் பார்க்கிறது.

அடுத்த எதிர்நிலை எப்போது? பரிகாரம் ஏதாவது செய்ய வேண்டுமா?

சனியும் யுரேனஸும் அடுத்து நேருக்கு நேர் வருவது 2050-களின் நடுவில். அதற்காக இப்போதே காசைச் செலவழிக்க வேண்டாம். மனசுக்கு ஆறுதல் வேண்டுமானால் குச்சனூர்ச் சனீஸ்வரர் கோயிலுக்குப் போய் ஒரு எள் விளக்குப் போட்டுவிட்டு வாருங்கள், ஆயிரக்கணக்கில் ஹோமம் எதுவும் வேண்டாம்.

கண்ணால் பார்க்கக்கூடிய எதிர்நிலை சீக்கிரமே வருகிறது. 2027 பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் குருவும், 19-ஆம் தேதி செவ்வாயும் சூரியனுக்கு எதிரே வருகிறார்கள். பொழுது சாய்ந்ததும் இருவரும் கிழக்கே எழும்புவார்கள், குரு வெள்ளையாக, செவ்வாய் கொஞ்சம் சிவந்து. டவுன் வெளிச்சம் தொந்தரவு செய்தால் கீழக்குயில்குடி சமணர் மலைப் பக்கம் போய்விடுங்கள். கள்ளிக்குடி அம்மாவுக்கும் சொல்லியிருக்கிறேன். அவர் ஆடுகளை விற்கவில்லை. இப்போது பதினேழு.